ஹாலோ பிளாக் சுவரும் ஊதுவத்தி நுனியும்: கம்மி விலை வைட் லென்ஸ் மூணை வச்சுப் பார்த்த மூணு வாரம்

போன தை மாசம் காவேரிப்பட்டணத்துல ஒரு கிரகப்பிரவேசம். விடியக்காலைல பால் காய்ச்சுறாங்க, கிச்சன் எட்டடிக்கு ஏழடி, அதுல மேடையே ரெண்டடிய எடுத்துக்குது, மிச்சம் இருக்கற எடத்துல வீட்டுக்காரங்க ஏழு பேர் நிக்கிறாங்க, நான் கதவு நிலைல முதுகை ஒட்டவச்சு நின்னு கேமராவோடயே வந்த 18-55 கிட் லென்ஸை 18ல வச்சு எடுக்கறேன். பால் பொங்குது, எல்லாரும் கை கூப்புறாங்க. ஆனா என் ஃப்ரேம்ல ரெண்டு பேரோட தலை இல்ல, பாட்டி பாதி, அடுப்புல இருந்த பாத்திரம் மட்டும் முழுசா இருக்கு. அந்தப் பாட்டி அந்த வீட்டுக்காக நெலத்தை வித்தவங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி ஆல்பத்துக்கு செலக்ட் பண்ண உக்காந்தப்ப எனக்கு மனசே ஆறல. வைட் லென்ஸ் வாங்கியே ஆகணும், ஆனா கண்ண மூடிட்டு வாங்கக்கூடாதுன்னு அப்பதான் முடிவு பண்ணேன்.

மொதல்ல ஒரு கணக்கு. இது தெரிஞ்சா பாதி குழப்பம் தீந்துடும். என்கிட்ட இருக்கறது கேனான் 200டி, சென்சார் அகலம் 22.3 எம்எம், உயரம் 14.9 எம்எம். நீங்க நிக்கற தூரத்தை 22.3ஆல பெருக்கி லென்ஸ் மேல போட்டிருக்கற எம்எம்ஆல (ஃபோகல் லெங்த்) வகுத்தா எத்தனை அடி அகலம் ஃப்ரேமுக்குள்ள வரும்னு கிடைச்சிடும். அந்தக் கிச்சன்ல அடுப்புல இருந்து அஞ்சடி தள்ளி நின்னேன், 18 எம்எம்க்கு ஆறடி அகலம், உயரம் நாலடிதான். நாலடி உயரத்துல நிக்கற மனுசன் எப்படி அடங்குவான்? அதே எடத்துல 10 எம்எம் இருந்தா அகலம் பதினோரு அடி, உயரம் ஏழடிக்கு மேல. 18க்கும் 10க்கும் எட்டு எம்எம்தானே வித்தியாசம்னு நெனைக்கறவங்க இருக்காங்க, 55க்கும் 63க்கும் நடுவுல அந்த எட்டு ஒண்ணுமே இல்ல, ஆனா இந்தக் கீழ்ப்பக்கம் ஒவ்வொரு எம்எம்மும் ஒரு சுவர் தள்ளிப் போற மாதிரி.

என் பட்ஜெட் இருபதாயிரத்துக்குள்ள. மொதல்ல கேனான் இஎஃப்-எஸ் 10-18 எஃப் 4.5-5.6 ஐஎஸ் எஸ்டிஎம், இது 2014ல வந்தது, எடை 240 கிராம்தான், கேமராவுல மாட்டற மவுண்ட் கூட பிளாஸ்டிக்தான். எஃப்னா லென்ஸ் வாய் எவ்ளோ திறக்கும்னு சொல்ற எண், எண் கம்மின்னா வெளிச்சம் ஜாஸ்தி; ஐஎஸ்னா கை ஆட்டத்தை அடக்கறது, எஸ்டிஎம்னா ஃபோகஸ் மோட்டார் வகை. அதுக்கு முன்னாடி கேனான்ல இந்த ரேஞ்சுக்கு 2004ல வந்த 10-22தான், அது விலை ஜாஸ்தி, நம்மள மாதிரி ஆளுங்க கிட்டயே போகமாட்டாங்க. ரெண்டாவது டோக்கினா 11-16 எஃப் 2.8, மொத மாடல் 2008, ரெண்டாவது மாடல் 2012. அரைக்கிலோவுக்கு மேல எடை, கைல வச்சா உலக்கை மாதிரி கனமா திடமா இருக்கும். மூணாவது இன்னொரு கம்பெனியோட வைட் ஜூம், பேர் போடல, ஏன்னு கீழ சொல்றேன். 10-18ஐ மச்சான் அவன் ஸ்டுடியோல இருந்து குடுத்தான், டோக்கினா தர்மபுரில ஒரு அண்ணன்கிட்ட ஒரு மாசம் கடனா வாங்கினேன், மூணாவது செகண்ட் ஹேண்ட், ஒரு வாரம் வச்சுப் பாத்துட்டு புடிச்சா காசு குடுன்னு சொன்னவர்கிட்ட இருந்து வந்தது.

நிக்கான் வச்சிருக்கறவங்க கேப்பீங்க, உங்களுக்கு ஏஎஃப்-பி 10-20 விஆர் இருக்கு, 2017ல வந்தது, அதுவும் 230 கிராம்தான், ஆனா டி90, டி7000, டி3100 மாதிரி பழைய பாடில அது ஃபோகஸ் ஆகாது, விசாரிச்சுட்டு வாங்குங்க. கேனான் மிரர்லெஸ் ஆர்50, ஆர்10 வச்சிருக்கறவங்களுக்கு 2023ல வந்த ஆர்எஃப்-எஸ் 10-18 இருக்கு, 150 கிராம்தான். நான் ரெண்டையும் கைல எடுத்துப் பாக்கல, அதனால அதோட நிறுத்திக்கறேன்.

மாமாவோட மாங்கா மண்டி குடோன் பின்பக்கச் சுவர்தான் என் டெஸ்ட் சார்ட். பூசாத ஹாலோ பிளாக், ஒவ்வொண்ணும் பதினாறு இஞ்சு நீளம் எட்டு இஞ்சு உயரம், வரிசை வரிசையா நேர்கோடு, இதைவிட நல்ல சார்ட் காசு குடுத்தாலும் கிடைக்காது. நாலு மூலைலயும் நடுவுலயும் பழைய நியூஸ்பேப்பரை வரி விளம்பரம் இருக்கற பக்கமா பாத்து ஒட்டினேன், அந்தப் பொடி எழுத்துதான் லென்ஸோட உண்மைய சொல்லும்.

இதுல கஷ்டமான வேலை ஒண்ணே ஒண்ணு, கேமராவ சுவருக்கு நேரா நிறுத்தறது. ஒரு டிகிரி சாஞ்சாலும் ஒரு பக்கம் மங்கலாத் தெரியும், நாம லென்ஸைத் திட்டிட்டிருப்போம். இதுக்கு ஒரு வழி இருக்கு. ஷேவிங் கண்ணாடி ஒண்ணை சுவர் நடுவுல தட்டையா டேப் போட்டு ஒட்டிட்டேன். கேமராவ ட்ரைபாட்ல வச்சு லைவ் வியூல, அதாவது பின்பக்க ஸ்கிரீன்ல, பத்து மடங்கு பெருசாக்கிப் பாத்தா கண்ணாடிக்குள்ள என் லென்ஸே தெரியும், அந்த லென்ஸோட கருவட்டம் சரியா ஸ்கிரீன் நடுப்புள்ளில வந்து உக்காருற வரைக்கும் ட்ரைபாடை இழுத்து, கால ஏத்தி, எறக்கி, ரொம்பப் பொறுமையா. 18ல வச்சு மொதல்ல சரி பண்ணிட்டு அப்பறம் 10க்கு வந்தா சுலபம், 10ல கண்ணாடி கடுகு மாதிரி சின்னதாப் போயிடும். முதல் நாள் இதுக்கே நாப்பது நிமிசம் ஆச்சு. மாமா வெத்தலை போட்டுட்டு வந்து நின்னு "என்னப்பா, சுவத்துக்கு ஜாதகம் பாக்கறியா"ன்னு கேட்டாரு. விசயத்தைச் சொன்னதும் அவரே போய் லெவல் பாக்கற ரசமட்டம் எடுத்துட்டு வந்து கேமரா மேல வச்சுக் குடுத்தாரு, அதுவும் உதவிச்சு.

செட்டிங் எல்லாத்துக்கும் ஒண்ணுதான், ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை எவ்ளோ ஏத்திக் காட்டுதுங்கற எண்) 100, ரெண்டு செகண்ட் டைமர், ஐஎஸ் ஆஃப், கேமராக்குள்ள இருக்கற லென்ஸ் கரெக்‌ஷன் எல்லாம் ஆஃப், கேமரா கை வைக்காத ரா ஃபைல். ஃபோகஸ் லைவ் வியூலதான், 200டில லென்ஸுக்குத் தகுந்த மாதிரி ஃபோகஸைத் திருத்தற மைக்ரோ அட்ஜஸ்ட்மெண்ட் கிடையாது, வியூஃபைண்டர்ல ஃபோகஸ் பண்ணா எது லென்ஸ் தப்பு எது கேமரா தப்புன்னு பிரிக்க முடியாது.

பத்தடி தூரம். 10-18ஐ 10ல வச்சப்ப குறுக்கால பதினாறு பிளாக்கும் கொஞ்சமும் வந்துச்சு, கணக்குப்படி இருபத்திரெண்டு அடி, சரியா ஒத்துப்போச்சு. டோக்கினா 11ல பதினஞ்சு பிளாக். கிட் லென்ஸ் 18ல ஒம்போது. பிளாக்கை எண்ணிப் பாத்தப்பதான் அந்தக் கிச்சன்ல நான் எவ்ளோ விட்டிருக்கேன்னு உறைச்சுது.

10-18 பத்துல மேல் வரிசை லேசா வில்லு மாதிரி வளையுது, 14 பக்கம் வந்தா நேராயிடுது, எப்படியும் சாஃப்ட்வேர்ல ஒரே கிளிக்ல போயிடும். நடுவுல முழுசா திறந்து வச்சாலே வரி விளம்பரம் படிக்க முடியுது, மூலைல கொஞ்சம் மசமசன்னு இருக்கு, எஃப் 8ல தெளிஞ்சுடுது. டோக்கினா எஃப் 2.8ல நடு நல்லா இருக்கு, மூலைல எழுத்தைச் சுத்தி ஊதாவும் பச்சையுமா ஒரு ஓரம் கட்டுது, எஃப் 5.6 போனா எழுத்து கூர்மையாயிடும், கலர் ஓரம் மட்டும் கொஞ்சம் தங்கும். ஆக பகல்ல எஃப் 8ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா எது எதுன்னு என் மச்சானால சொல்ல முடியல, பத்து படத்துல அஞ்சு தப்பா சொன்னான், அவன் பதினஞ்சு வருசமா இதே தொழில்ல இருக்கறவன்.

இப்ப அந்த மூணாவது லென்ஸ். வலது பக்கம் ரெண்டு மூலையும் அருமையா இருக்கு, சொல்லப்போனா மூணுல அதான் பெஸ்ட். இடது பக்கம் மேல் மூலைல ஒரு எழுத்து கூடப் படிக்க முடியல, கீழ் மூலை அரைகுறை. எஃப் 11 வச்சாலும் அப்படியேதான். சுவர் கோணமா, கேமரா கோணமான்னு மறுபடி கண்ணாடி வச்சுப் பாத்தேன், சரியாதான் இருக்கு. அப்பறம் கேமராவையே தலைகீழாத் திருப்பி மாட்டி எடுத்தேன். சுவர்லயோ நிறுத்தினதுலயோ தப்பு இருந்தா மங்கல் ஃப்ரேமுக்கு மறுபக்கம் மாறணும். மாறல. படத்துல அதே இடது பக்கம்தான். அப்ப தப்பு லென்ஸுக்குள்ளதான்.

இதை உறுதி பண்ண ராத்திரி ஊதுவத்தி. வீட்ல ஹால்ல லைட் எல்லாம் அணைச்சுட்டு பத்தடி தள்ளி ஒரே ஒரு ஊதுவத்தி ஏத்தி வச்சேன், அந்தக் கங்கு ரெண்டு மூணு எம்எம்தான் இருக்கும், 10 எம்எம் லென்ஸ்ல அந்தத் தூரத்துல அது சென்சார் மேல ரெண்டு பிக்சல் அளவுதான் விழும், அதாவது நட்சத்திரம் மாதிரி ஒரு சுத்தமான புள்ளி, கைல காசில்லாம கிடைக்குது. ஃபோகஸ லேசா கலைச்சு வச்சுட்டு அந்தப் புள்ளிய ஃப்ரேம் நாலு மூலைக்கும் கொண்டுபோய் நாலு படம். நல்ல லென்ஸ்னா நாலு மூலைலயும் புள்ளி விரியற உருவம் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்கணும். 10-18ல அப்படித்தான் இருந்துச்சு, டோக்கினால கொஞ்சம் வால் நீண்டாலும் நாலும் ஒரே மாதிரி வால். மூணாவதுல வலது ரெண்டும் வட்டமா, இடது மேல ஒரு வால் வச்ச மீன் மாதிரி கிடக்குது. உள்ள ஏதோ ஒரு கண்ணாடி நடுவை விட்டு நகந்திருக்கு, கீழ விழுந்ததோ திறந்து மாட்டினதோ தெரியாது. மவுண்ட் ஸ்க்ரூவைத் தொட்டுப் பாத்தேன், ரெண்டு லூசா இருந்துச்சு, டைட் வச்சதுல கீழ் மூலை கொஞ்சம் தேறுச்சு, மேல் மூலை அப்படியேதான். மேற்கொண்டு பிரிக்கல, அடுத்தவங்க பொருள். திருப்பிக் குடுத்துட்டேன், அவரும் நல்ல மனுசன், படத்தைக் காட்டினதும் ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டாரு, அவருக்கே தெரியாது.

பேர் போடாததுக்கு இதான் காரணம். ஒரு பீஸை வச்சு அந்த மாடலையே மோசம்னு எழுதினா அது அநியாயம், அதோட வலது பக்கம் எப்படி இருந்துச்சுன்னு நான் பாத்தேன். எந்த லென்ஸ் பெஸ்ட்னு மூணு வருசமா நான் ஃபோட்டோகிராஃபர் நண்பர்கள்கிட்ட கேட்டுட்டே இருந்தேன், ஆனா மாடலுக்கு மாடல் இருந்த வித்தியாசம் எஃப் 8ல என் கண்ணுக்கே தெரியல, அந்த ஒரு பீஸ்ல இருந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியும். செகண்ட் ஹேண்ட் வைட் லென்ஸ் வாங்கறவங்க எந்தக் கம்பெனின்னு பாக்கறதுல செலவழிக்கற நேரத்துல பாதிய கைக்கு வந்த பீஸை சுவர் முன்னாடி நிறுத்தறதுல செலவழிங்க. விக்கிறவர் வீட்டு வாசல்லயே பண்ணலாம், ஒரு செங்கல் சுவர், தலைகீழா ஒரு படம், அஞ்சு நிமிசம்.

அடுத்து உண்மையான வேலை. காவேரிப்பட்டணத்து வீட்ல பால் காய்ச்சறதை இன்னொரு தடவ பண்ணச் சொல்ல முடியாதே, அதனால எங்க வீட்டுக் கிச்சன்லயே ஒரு எல்இடி பல்பு போட்டு விடியக்காலைல அம்மாவ டீ போடச்சொல்லி எடுத்தேன். எஃப் 2.8க்கும் எஃப் 4.5க்கும் வெளிச்சத்துல ரெண்டரை மடங்கு வித்தியாசம். டோக்கினால ஐஎஸ்ஓ 2500ல கிடைக்கற படம் 10-18ல 6400 கேக்குது. 6400ல நிழல்ல பொரி பொரியா வருது, ஆனா ஆல்பம் சைசுல பிரிண்ட் போட்டுப் பாத்தேன், அம்மா முகம் நல்லா இருந்துச்சு, எனக்குப் போதும். ஐஎஸ் இருக்கறதால 10-18ல 1/8 செகண்ட்ல கூட சுவர், அலமாரி, சாமி படம் எல்லாம் ஆடாம வருது, ஆனா அம்மா கை திரும்பினா இழுத்துடும், ஐஎஸ் நம்ம கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும், எதிர்ல இருக்கறவங்க ஆட்டத்தை இல்ல. காலி வீடு, பூஜை ரூம், புது வீட்டு இண்டீரியர் எடுக்கறவங்களுக்கு 10-18 வரப்பிரசாதம். மேடைல வேகமா நடக்கறதை எடுக்கறவங்களுக்கு எஃப் 2.8 உதவும், ஆனா டோக்கினா மோட்டார் சத்தம் வீடியோல கேக்குது, 10-18 எஸ்டிஎம் சத்தமே இல்ல. அதுக்காகவே வீடியோ எடுக்கற மச்சான் டோக்கினாவத் தொடமாட்டேன்னுட்டான்.

ஆளுங்களை எடுக்கறப்ப வேற ஒரு பிரச்சினை, இதை யாரும் சொல்லித்தரல, அத்தைதான் சொல்லிக்குடுத்தாங்க. வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்க பத்துப் பேரை 10 எம்எம்ல வரிசையா நிக்கவச்சு எடுத்தேன், அத்தை ஓரத்துல. படத்தைப் பாத்துட்டு "ஏன்டா, நான் இவ்ளோ குண்டாவா இருக்கேன்?"னு முகமே மாறிப்போச்சு. இல்ல அத்தை, லென்ஸ் அப்படின்னு சொன்னாலும் அவங்களுக்கு வருத்தம் போகல. மறுநாள் பக்கத்து வீட்டுப் பையனோட வாலிபாலை வாங்கி நடுவுல ஒரு படம், ஓரத்துல ஒரு படம் எடுத்து கம்ப்யூட்டர்ல அளந்தேன். நடுவுல வட்டம், 10ல ஓரத்துல அகலம் உயரத்தைவிட கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அதே பந்து 18ல ஓரத்துல ஒண்ணே கால் மடங்குக்கும் கம்மி. இது லென்ஸ் குறை இல்ல, நேர்கோட்டை நேரா வைக்கணும்னா உருண்டைய இழுத்துத்தான் ஆகணும், எவ்ளோ விலை குடுத்து வாங்கினாலும் நேர்கோடு காட்டற 10 எம்எம் இதைத்தான் செய்யும். அதனால இப்ப எனக்கு ஒரு வழக்கம், ஓரத்துல வாழைமரம், கதவு, தோரணம், குத்துவிளக்கு நிக்கலாம், ஆள் நிக்கக்கூடாது. குரூப் போட்டோன்னா 16, 18க்கு போயிட்டு ரெண்டு வரிசையா நிக்கவைக்கறது. 10-18ல அந்த 18 வரைக்கும் போற வசதி இதுக்கே உதவுது, டோக்கினால 16ஓட சுவர்.

டோக்கினா ஜெயிச்ச எடம் வத்தல்மலை. அங்க சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடில பங்குனில அமாவாசை ஒட்டி ஒரு ராத்திரி, விடியக்காலை மூணு மணிக்கு மேல பால்வெளி தென்கிழக்குல எழும்பி வருது, கீழ தர்மபுரி டவுன் வெளிச்சம் ஒரு பக்கம் ஆரஞ்சாத் தெரியுது. எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, இருபது செகண்ட். முதல் படம் ஸ்கிரீன்ல வந்தப்ப பக்கத்துல இருந்த தம்பி வாய்விட்டுக் கத்திட்டான். 10-18ல அதே படத்துக்கு ஐஎஸ்ஓ 8000 வைக்கணும், பொரியும் நட்சத்திரமும் பிரிச்சுப் பாக்க முடியல. இன்னொண்ணு, டோக்கினால ஃபோகஸ் ரிங்கை முன்னாடி பின்னாடி இழுத்தா மேனுவல் வந்துடும், தூர அளவு லென்ஸ் மேலயே எழுதியிருக்கு. 10-18ல தூர அளவே கிடையாது, ரிங்கும் மோட்டார் வழியாத்தான் வேலை செய்யும், இருட்டுல லைவ் வியூல ஒரு நட்சத்திரத்தைப் பெருசாக்கித் தேடிப் பிடிக்கணும், குளுருல விரல் மரத்துப் போயிடும். வானம்தான் உங்க ஆசைன்னா யோசிக்காம டோக்கினா.

ஒகேனக்கல்ல ரெண்டையும் எடுத்துட்டுப் போனேன், அங்க கத்துக்கிட்டது லென்ஸைப் பத்தி இல்ல துணியைப் பத்தி. சாரல் ஒரு சொட்டு ஃபில்டர் மேல விழுந்தா கிட் லென்ஸ் 55ல தெரியவே தெரியாது, வைட்ல எஃப் 11 வச்சா அந்தச் சொட்டு அப்படியே உருண்டையா படத்துல நிக்கும். ரெண்டு காட்டன் துணி வேணும், ஒண்ணு நனைஞ்சுடும். அப்பறம் வானத்தைக் கருநீலமாக்கற போலரைசர் ஃபில்டர் போட்டா வானம் ஒரு பக்கம் கருநீலம் இன்னொரு பக்கம் வெளுப்புன்னு பட்டை அடிக்கும், 10 எம்எம்ல அதை நான் கழட்டிட்டேன். ஃபில்டர் செலவையும் கணக்குல சேத்துக்கங்க, 10-18க்கு 67 எம்எம், டோக்கினாக்கு 77. சூரியன் ஃப்ரேம்ல வந்தா டோக்கினால கலர் கலரா புள்ளி வரிசை விழுது, 10-18 அந்த விசயத்துல பரவால்ல. அதுக்கு ஹூட் தனியா வாங்கணும், பாக்ஸ்ல வராது.

காசே இல்லாதவங்களுக்கு, காலி ரூம் மட்டும்தான் எடுக்கணும்னா, கிட் லென்ஸை 18ல வச்சு கேமராவ நெட்டுக்குத்தலா புடிச்சு நாலு படம் எடுத்து ஹியூகின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல ஒட்டிடலாம், நான் ஒரு வருசம் அப்படித்தான் ஓட்டினேன். ஆள் நகந்தா மட்டும் முடியாது.

கடைசில நான் எடுத்தது 10-18, செகண்ட் ஹேண்ட், பன்னெண்டாயிரத்து ஐநூறு. வித்தவரோட வீட்டுக் காம்பவுண்டு சுவர் முன்னாடி கேமராவத் தலைகீழாப் புடிச்சுட்டு நின்னப்ப அவரு ஒரு மாதிரி பாத்தாரு, படத்தைக் காட்டி காரணத்தைச் சொன்னதும் அவரே இன்னொரு லென்ஸ் எடுத்துட்டு வந்து இதையும் பாத்துச் சொல்லுங்கன்னாரு. மிச்சக் காசுல ஹூடும் ஃபில்டரும் வாங்கியாச்சு. டோக்கினாவ அண்ணன்கிட்ட திருப்பிக் குடுத்தப்ப, அடுத்த பங்குனி அமாவாசைக்கும் வந்து வாங்கிட்டுப் போன்னு சொல்லிட்டாரு.

தை மாசத்து வீட்டுக்காரங்களுக்கு ஃபோன் பண்ணி, பாட்டி படம் சரியா வரல, ஒரு நாள் வந்து எடுத்துத் தரட்டுமான்னு கேட்டேன். போன ஞாயித்துக்கிழமை போயிருந்தேன். அதே கிச்சன், அதே கதவு நிலை, 12 எம்எம், எஃப் 5. பாட்டிய நடுவுல நிக்கவச்சேன், இடது ஓரத்துல ஃப்ரிட்ஜ், வலது ஓரத்துல ஜன்னல். தலைல இருந்து கால் மெட்டி வரைக்கும் முழுசா வந்துட்டாங்க.